ரஃப் நோட்டை ஏன் கிழித்தாய்?

போன மாதம் என் பேத்தி மதிப்பெண் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் அப்பா வெளிநாட்டில் இருப்பதால் அதில் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒன்பதாம் வகுப்பு. மதிப்பெண்கள் மோசமில்லை. அட்டையின் அடியில் ஒழுக்கம், சுத்தம், வருகை என்று சில கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ‘படைப்பாற்றல்’ என்று போட்டு, எதிரே ‘சி’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘கடின உழைப்பாளி. கற்பனைத் திறன் போதாது.’

நான் 34 வருடம் அரசாங்க எழுத்தராக இருந்தவன். எல்.டி.சி.யாகச் சேர்ந்து யு.டி.சி.யாக ஓய்வு பெற்றவன். படிவங்களோடு பழகிய எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால் அதை எதை வைத்து நிரப்புவது என்று ஒரு விதி இருக்க வேண்டும். உயரம் என்றால் அளவு நாடா, எடை என்றால் தராசு. படைப்பாற்றலை எதைக்கொண்டு அளந்தார்கள்?

“என்னம்மா நடந்தது?” என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள். பள்ளியில் 1729 கதையைச் சொல்லியிருக்கிறார்கள். நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான். லண்டனில் நோயாளியாகப் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க ஹார்டி டாக்சியில் வந்தார். வண்டியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார். ராமானுஜன் உடனே மறுத்து, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான் என்றார். 12-இன் கனத்தோடு 1-இன் கனம், 10-இன் கனத்தோடு 9-இன் கனம், இரண்டும் 1729.

கதையைக் கேட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு ஒரு கேள்வி. சரி, மிகச் சிறியது 1729. அதற்கு அடுத்தது எது?

யாரையும் கேட்கவில்லை. ரஃப் நோட்டில் 1 முதல் 16 வரை கனங்களை எழுதி, ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு கூட்டியிருக்கிறாள். ஒரே எண்ணை இருமுறை எடுப்பதையும் சேர்த்தால் மொத்தம் 136 கூட்டல். நடுவில் தப்பு, அடித்தல், திரும்ப முதலிலிருந்து. கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள்: 4104. 16-இன் கனமும் 2-இன் கனமும் சேர்ந்தது. 15-இன் கனமும் 9-இன் கனமும் சேர்ந்தது. 17-இன் கனமே 4913. அதனால் 16 வரை பார்த்தால் போதும், நடுவில் வேறொன்று தப்பிப்போக வழியில்லை என்று அவளாகவே யோசித்து அதையும் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

நோட்டைப் பெருமையோடு பள்ளிக்கு எடுத்துப் போனாள். கிடைத்த பதில்: “இதெல்லாம் செல்போனில் தட்டினால் வந்துவிடும். ராமானுஜனுக்குத் தோன்றியது மாதிரி பளிச்சென்று தோன்ற வேண்டும், அதுதான் படைப்பாற்றல். நீ அடித்து அடித்து எழுதியிருக்கிறாய்.”

வீட்டுக்கு வந்து அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டிருக்கிறாள். அன்றிலிருந்து கணக்கை உதிரித் தாளில் போட்டுப் பார்த்து, தாளைக் கிழித்துவிட்டு, விடையை மட்டும் அழகாக நோட்டில் எழுதிக்கொண்டு போகிறாளாம்.

“ஏம்மா கிழிக்கிறே?”

“கிழிச்சுட்டா, யோசிக்காமலே வந்த மாதிரி இருக்கும் தாத்தா.”

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில்.

அந்த ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் சொன்னது ஊரே சொல்வது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஆண்டு விழாவில் சிறப்புப் பேச்சாளர் முழங்கினார்: கலை இதயத்திலிருந்து வருகிறது, விஞ்ஞானம் மூளையிலிருந்து வருகிறது, இரண்டுக்கும் ஒரு பொறி வேண்டும், அந்தப் பொறி பிறவியிலேயே வர வேண்டும் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இப்போது அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

முதலில் ராமானுஜனையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி, கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவரைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரே செய்தி, நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைச் சொன்னாள் என்பது. அவர் அப்படிச் சொன்னதாக நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் தெய்வ நம்பிக்கை உண்டு. ஆனால் கனவுக்கு முன்னால் நடந்ததை ஏன் விட்டுவிடுகிறோம்?

பதினைந்து, பதினாறு வயதில் அவர் கைக்கு கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கிடைத்தது. சுமார் 5,000 சூத்திரங்கள். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் சரியாகக் கிடையாது. மற்றவர்கள் மனப்பாடம் செய்யும் புத்தகம் அது. இவர் ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க உட்கார்ந்தார். மற்ற பாடங்களில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அந்த முழங்கையைத்தான் நாம் மறந்துவிட்டோம். சிலேட்டில் அழிந்துபோன வேலையைப் பார்க்காமல், நோட்டில் மிஞ்சிய விடையைப் பார்த்துவிட்டு, வானத்திலிருந்து விழுந்தது என்கிறோம். அவருக்குக் காகிதம் வாங்க வசதி இருந்திருந்தால், அடித்தல் திருத்தல் நிறைந்த ஆயிரக்கணக்கான தாள்களை இன்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்னொன்று. 1913-இல் அவர் ஹார்டிக்கு எழுதியவற்றில் பகா எண்களைப் பற்றிச் சொன்ன சில முடிவுகள் தவறு. ஹார்டியே அதை விளக்கி எழுதியிருக்கிறார். கேட்கிறேன், கோபிக்கக் கூடாது: எல்லாம் தாயார் சொன்னதென்றால், தாயார் தப்பாகச் சொல்லுவாளா? தப்பு ராமானுஜனுடையது. அதனால்தான் சரியும் அவருடையது. தப்புச் செய்ய உரிமை இல்லாதவனுக்குச் சரியிலும் பங்கில்லை.

1729-க்கு வருவோம். அந்த விடை டாக்சி எண்ணைக் கேட்டவுடன் தோன்றியதல்ல. அதற்குப் பல வருடம் முன்பே அவருடைய நோட்டில் அந்தச் சமன்பாடு இருக்கிறது. அவருக்கும் முன்னால், 1657-லேயே, பிரெனிக்கிள் த பெஸ்ஸி என்ற பிரெஞ்சுக்காரர் அந்த எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

‘மிகச் சிறியது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 1729 அப்படிப்பட்ட எண் என்று காட்ட இரண்டு கூட்டல் போதும். அதற்குக் கீழே அப்படி எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் 1 முதல் 12 வரையுள்ள கனங்களைச் சோடி சோடியாகப் பார்த்திருக்க வேண்டும். மொத்தம் 78 கூட்டல், அல்லது அதற்குச் சமமான வேறொரு யோசனை. அந்த ஒரு சொல்லுக்குள் அத்தனை வேலை இருக்கிறது. என் பேத்தி செய்ததும் அதே வகை வேலைதான். அவள் ராமானுஜன் என்று நான் சொல்லவில்லை. அவள் நடந்தது அந்தத் தெருவில்தான் என்கிறேன். அந்தத் தெருவில் நடந்த பிள்ளையை, ராமானுஜன் பெயரைச் சொல்லியே திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

“ஆனால் சார், திடீரென்று தோன்றுவது உண்டே!” என்பீர்கள். உண்டு. நானும் மறுக்கவில்லை. அதற்கு மிகப் பெரிய சாட்சி ஆன்ரி புவான்கரே. அவருடைய புத்தகத்தைக் கல்லூரி நாட்களில் பிரெஞ்சில் படித்தேன். கணிதம் பாதி புரியவில்லை, கதை புரிந்தது. கூத்தான்ஸ் என்ற ஊரில் சுற்றுலா வண்டியின் படியில் கால் வைத்த அந்த நொடியில், ஒரு தொடர்பு அவருக்குப் பளிச்சென்று தோன்றியதாம். பேச்சாளர்கள் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்வார்கள். புவான்கரே நிறுத்தவில்லை. அதற்கு முன்னால் பதினைந்து நாள் மேஜையில் உட்கார்ந்து, அப்படிப்பட்ட சார்புகள் இருக்கவே முடியாது என்று நிரூபிக்க முயன்றதையும் சேர்த்தே சொல்கிறார். இல்லாததென்று நினைத்ததை இருக்கிறதென்று கண்டுபிடித்தார். பதினைந்து நாளும் தப்பான திசை! முன்னால் உழைக்காதவனுக்கு இப்படித் தோன்றாது, தோன்றியதைப் பின்னால் உட்கார்ந்து சரிபார்க்காவிட்டால் அது எதற்கும் உதவாது என்பதுதான் 1908-இல் அவர் பாரிஸில் ஆற்றிய உரையின் சாரம். நாம் பிள்ளைகளுக்கு வண்டிப் படியைக் காட்டுகிறோம், மேஜையை மறைத்துவிடுகிறோம்.

இது விஞ்ஞானத்துக்குப் பொருந்தும், கலைக்குப் பொருந்தாது என்பவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது.

ஆனி மாதம் பௌர்ணமியன்று மாங்கனித் திருவிழா. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். சாமி வீதியில் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள், கீழே நிற்பவர்கள் தாவிப் பிடிப்பார்கள். புனிதவதியார் அடியாருக்குக் கொடுத்துவிட்ட மாம்பழத்துக்குப் பதிலாக இறைவன் அருளால் அவர் கையில் இன்னொரு பழம் வந்தது, அதன் நினைவு. அருமையான விழா. ஆனால் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அம்மையார் என்ன எழுதினார் என்று தெரியும்?

அற்புதத் திருவந்தாதி, 101 வெண்பா. திருவிரட்டை மணிமாலை, 20 பாட்டு. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 11. ஆக 143 பாட்டு. அந்தாதியிலேயே முழு நூல் செய்த முதல் ஆள் இவர்தான் என்று தமிழறிஞர்கள் சொல்கிறார்கள். மூவருக்கும் முந்தியது என்பதால்தான் பதிகத்துக்கு ‘மூத்த’ என்ற அடைமொழி. அந்தாதி என்றால் ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்தது தொடங்க வேண்டும். அதற்கு மேல் வெண்பா. புலவர்களையே திணறடிக்கும் பா. தளை தட்டினால் தட்டியதுதான், பக்தி இருக்கிறது என்று வெண்பா மன்னிக்காது. தேற்றத்தில் ஒரு வரி பிழைத்தால் கணிதம் மன்னிக்காத மாதிரி.

அம்மையார் அடித்துத் திருத்திய ஓலை எதுவும் நம்மிடம் இல்லை. முடிந்த பாட்டுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் அந்தப் பாட்டும் அந்த மாம்பழம் மாதிரியே கையில் வந்து விழுந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பழம் அருளால் வந்தது என்பதில் எனக்கு வழக்கில்லை. 101 வெண்பாவையும் அந்தக் கணக்கில் எழுதிவிட்டால், தமிழில் ஒரு புது வடிவத்தை உண்டாக்கிய ஒரு பெண்ணின் வேலையை நாம் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகிறோம்.

கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. ராமானுஜன் கண்டுபிடிக்காததை நாளை இன்னொருவர் கண்டுபிடிக்கலாம். அம்மையார் எழுதாததை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. முடிவில் வித்தியாசம். வேலையில் வித்தியாசமில்லை. இரண்டிலும், “இல்லை, இது சரியில்லை” என்று திருப்பிச் சொல்லக்கூடிய ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒருவருக்கு எண், ஒருவருக்கு யாப்பு.

இன்னொருவருக்கு மரம். ஆடுதுறைப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது, நாகஸ்வரம் செய்யும் ஊர். பழைய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி அதிகம், சுத்த மத்தியமம் அதில் சரியாகப் பேசாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு அது போதவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அவருக்காக நீளமான பாரி நாகஸ்வரத்தைச் செய்துகொடுத்தார், சுத்த மத்தியமம் சுத்தமாக வந்தது. இன்று நம் கோயில்களில் கேட்பது அந்தப் பாரியைத்தான். நன்றாக முற்றிக் காய்ந்த பழைய ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்போது சொல்லுங்கள்: துளை எங்கே, நீளம் எவ்வளவு என்று பார்த்த ஆச்சாரி செய்தது கலையா, விஞ்ஞானமா? ‘இந்த ஸ்வரம் சரியில்லை’ என்ற பிள்ளையவர்களின் காது இதயமா, மூளையா? மதிப்பெண் அட்டையில் இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

என் பக்கத்தில் உள்ள பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. உழைப்பு மட்டும் போதுமென்றால் நானும் படைப்பாளியாக வேண்டும். 34 வருடம் காலை முதல் மாலை வரை எழுதினேன், ஒரு தேற்றமும் வரவில்லை, ஒரு வெண்பாவும் வரவில்லை. ஏன்? என் உழைப்பில் என் கேள்வி எதுவும் இல்லை. மேலிருந்து வந்ததைக் கீழே அனுப்பினேன், கீழிருந்து வந்ததை மேலே அனுப்பினேன். ஒருமுறை ஒரு பதிவேட்டை வேறு மாதிரி வைத்தால் தேடுவது சுலபம் என்று ஒரு மாதிரித் தாள் தயாரித்துக் கொண்டுபோனேன். அதிகாரி பார்க்கவே இல்லை. “வழக்கம் எதுவோ அதைச் செய்யுங்கள்” என்றார். அதற்குப் பிறகு நான் எதையும் கொண்டுபோகவில்லை. அது என் தோல்வியும்தான்.

ராமானுஜனும் எழுத்தர்தான். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளம். ஆனால் அவருக்கு வாய்த்த மேலதிகாரி நாராயண ஐயர், தானே கணிதம் அறிந்தவர். இரவில் சிலேட்டை வைத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். பொறி, பிறவி என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு பெயரையும் சொல்லுவதில்லை. சொன்னால் நம் பொறுப்பு வந்துவிடும் அல்லவா? பிறவி என்றால் ஆசிரியருக்கு வேலையில்லை, அதிகாரிக்கு வேலையில்லை, தாத்தாவுக்கும் வேலையில்லை. நோட்டைப் பார்க்கவே வேண்டாம். பிறவி வாதம் நமக்கு இவ்வளவு பிடித்திருப்பதற்குக் காரணம் அந்தச் சௌகரியம்தான்.

சொந்தக் கேள்வி, தப்புச் செய்ய இடம், அந்தத் தப்பை உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள். இந்த மூன்றும் வேண்டும். முதலாவது பிள்ளையிடம் இருக்கிறது. மற்ற இரண்டும் நம் கையில்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் சொல்வதெழுதுதலில் ஐந்து பிழை விட்டால் சைபர். சிவப்பு மசிக்கு நடுங்குவோம். ஆனால் கட்டுரை வகுப்பு எடுத்த முசியே ஒருவர் வேறு மாதிரி. கட்டுரையோடு ‘புரூயோன்’ எங்கே என்று கேட்பார். புரூயோன் என்றால் முதலில் கிறுக்கிப் பார்க்கும் தாள், இன்றைய ரஃப். அதைக் கட்டுரையின் பின்னால் குத்திக் கொடுக்க வேண்டும். அடித்தல் இல்லாத புரூயோனைக் கொடுத்தால், “யாரைப் பார்த்து எழுதினாய்?” என்பார். அடித்தல் இல்லாததுதான் அவருக்குச் சந்தேகம்! பிறகு அரசாங்க வேலைக்கு வந்தேன். அங்கே ‘அடித்தல் திருத்தல் இன்றி’ என்பதே வேதம். இந்த இரண்டில் எதை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகிறோம்?

அட்டையில் கையெழுத்துப் போட்டேன். பழைய பழக்கம், பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்: ‘கண்டேன். படைப்பாற்றல் கட்டத்துக்கான அளவுகோல் என்ன என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.’ இதுவரை பதில் இல்லை. பதில் வராத கடிதங்கள் எனக்குப் புதிதல்ல, நினைவூட்டுக் கடிதம் தயாராக இருக்கிறது.

அதோடு ஒரு முடிவு செய்திருக்கிறேன். என் பென்ஷனிலிருந்து வருடம் ஒரு சிறு பரிசு, நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளை யாருக்காவது. கட்டுரைப் போட்டி கிடையாது, ஓவியப் போட்டி கிடையாது. சொந்தமாக ஒரு கேள்வி கேட்டு, அதற்காக அதிகம் அடித்துத் திருத்திய ரஃப் நோட்டுக்குப் பரிசு. விடை தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. சேர்ந்துகொள்ள விரும்பும் நண்பர்கள் சொல்லுங்கள். அது முடியாதவர்கள் இன்று சாயங்காலம் உங்கள் பேரன் பேத்தியிடம் மதிப்பெண் அட்டையைக் கேட்காமல் ரஃப் நோட்டைக் கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

என் பேத்திக்குப் புதிதாக 200 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் கனங்களை 1-லிருந்து மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறாள், இந்த முறை 16-இல் நிற்கவில்லை. 4104-க்கு அடுத்த எண் எது என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் அவள் படித்துவிடுவாள், அதனால் எழுதவில்லை. நேற்று ராத்திரி வரை ஏழு பக்கம் ஆகியிருந்தது. அதில் மூன்று பக்கம் குறுக்கே அடித்திருந்தாள். எதையும் கிழிக்கவில்லை.